தாளைக் கீழே வைக்காத நாடகம்

உங்கள் வகுப்பு தொடக்கநிலை 4, பிள்ளைகள் 18 பேர். வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. நாடக உத்திகள் வாசிப்பை வளர்க்கும் என்று ஒரு பட்டறையில் கேட்டுவிட்டு வந்து, பாடநூல் கதையை நடிக்க வைத்தீர்கள். பிள்ளைகள் குதித்துக் கொண்டாடினார்கள், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது, அடுத்த வாரம் வாசிக்கச் சொன்னபோது வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிட்டது. "இதனால் வாசிப்பு உண்மையிலேயே வளருமா, இல்லை பிள்ளைகளைக் குஷிப்படுத்துவதோடு சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பில் போன அந்த அரை மணி நேரத்தில் பிள்ளையின் கண் எழுத்தின்மேல் பட்டதா என்ற சந்தேகம்தான் உங்களை அரிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதே சந்தேகம் வந்தது, ஆனால் பல ஆண்டுகள் தாமதமாக.

சிங்கப்பூரின் அக்கம்பக்கத் தொடக்கப்பள்ளிகளில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். இப்போது ஓய்வு, ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகளோடுதான். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக ஓர் ஆண்டு என் மாணவர்களை மேடையேற்றினேன். முக்கியப் பாத்திரத்தில் நடித்த பெண் ஒரு சொல் பிசகாமல் பேசினாள். முதல்வர் கைதட்டினார், பெற்றோர் கண்கலங்கினார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுவாரம் மேசைகளை ஒழுங்குபடுத்தும்போது அவளுடைய வசனத்தாள் கிடைத்தது. ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலில் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதியதாம். ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். அந்த ஆறு வாரத்தில் அவள் ஒரு வரிகூடத் தமிழ் எழுத்தில் வாசிக்கவில்லை. அவளுக்குக் குரல் இருந்தது, நினைவாற்றல் இருந்தது, வாசிப்பு மட்டும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நான் பின்னரங்கில் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எனக்கு ஒரே விதிதான்: வாசிப்புக்காக நாடகம் என்றால் கடைசி நிமிடம்வரை தாள் கையில் இருக்க வேண்டும். மனப்பாடம் கூடாது, உடை கூடாது, மேடையும் வேண்டாம். இதற்கு ஆங்கிலத்தில் ரீடர்ஸ் தியேட்டர் என்று பெயர். உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துப் பயிலரங்குகளுக்குப் போகிறவராக இருந்தால் நீங்களும் இந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். நான் வாசிப்பரங்கம் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டு வாசித்தால் சரளம் வரும். ஜே சாமுவெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-இல் மறுவாசிப்பு முறையைப் பற்றி எழுதியதிலிருந்து இது பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கையும், ஆசிரியர் வழிகாட்டலோடு வாய்விட்டு மறுபடி மறுபடி வாசிப்பது பலன் தரும் என்றே சொன்னது. சிக்கல் என்னவென்றால், "இன்னொரு தடவை வாசி" என்றால் பத்து வயதுப் பிள்ளை ஏன் வாசிக்க வேண்டும்? ஏற்கெனவே வாசித்துவிட்டானே. "இப்போது நீ அரசன், அவள் கதைசொல்லி, மாற்றி வாசியுங்கள்" என்றால் ஐந்தாவது தடவையும் வாசிக்கிறான். நாடகம் இங்கே செய்யும் வேலை அவ்வளவுதான். சலிக்காமல் மறுபடி வாசிக்க ஒரு சாக்கு. சின்ன விஷயம்போலத் தெரியும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் 18 பேரை வரிசையாக எழுப்பி வாசிக்க வைத்தால் ஆளுக்கு 1 நிமிடம் 40 விநாடி. மீதி 28 நிமிடம் தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறான். மூவர் மூவராக ஆறு குழுவாகப் பிரித்து ஒரே நேரத்தில் 20 நிமிடம் வாசிக்க விட்டால் ஆளுக்கு ஆறு ஏழு நிமிடம் கிடைக்கும். மற்றவர் வாசிக்கும்போதும், தன் வரி தவறிவிடும் என்ற பயத்தில் கண் தாளிலேயே இருக்கும்.

என் கைவசம் உள்ள ஒரு பிரதியைச் சொல்கிறேன். ரெட்ஹில், அதாவது செம்மலை, என்ற இடத்தின் பெயர்க்கதை நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் வரும் வாள்மீன் கதையை ஒட்டியது. கடற்கரைக்கு வந்தவர்களை வாள்மீன்கள் பாய்ந்து குத்துகின்றன. வாழைத்தண்டுகளால் அரண் அமைத்தால் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. இவ்வளவு புத்திசாலி வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறான், அந்த இரத்தத்தில்தான் மலை சிவந்ததாம். எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயராகத் தினம் காதில் விழும் சொல் என்பதால் பிள்ளைகள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். இதை மூன்று பக்கத்தில், கதைசொல்லி, அரசன், சிறுவன் என்று மூன்று பங்காகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். முதல் நாள் நான் வாசிக்க, அவர்கள் விரல் வைத்துத் தொடர்வார்கள். இரண்டாம் நாள் பென்சில் வேலை. எங்கே மூச்சு விடுவது என்று கோடு போட வேண்டும்.

அந்தப் பென்சில் வேலையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தமிழ் வாசிப்பின் உயிரே அங்கேதான். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். "கேட்டுக்கொண்டிருந்தவர்களையெல்லாம்" என்று ஒரு சொல் வந்தால் பிள்ளை "கேட்டுக்" வரை வாசித்துவிட்டு மீதியை ஊகிக்கும். "கேட்டுக்கொண்டு, இருந்தவர்களை, எல்லாம்" என்று பென்சிலால் வெட்டிக் காட்டினால் மூன்றும் தெரிந்த சொற்கள். "வாழைத்தண்டு" என்பதில் அந்த "த்" காதில் விழ வேண்டும். ஒரு பையன் எப்போதும் "வாழை தண்டு" என்றே வாசிப்பான். இலக்கணம் சொன்னேன், ஏறவில்லை. "நீ சிறுவன், கடற்கரையில் அலைச்சத்தத்துக்கு நடுவே அரசனுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்" என்றேன். கத்தும்போது அந்த "த்" தானாக அழுந்தியது. வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியல் போட்டு நான் பட்டபாட்டை நினைத்துக்கொண்டேன்.

ரொம்பத் தடுமாறும் வகுப்பாக இருந்தால் இதையே வில்லுப்பாட்டாக மாற்றிவிடுவேன். முன்னவர் ஒரு வரி வாசிக்க, பின்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொற்களைத் திருப்பிச் சொல்லி "ஆமா!" போட வேண்டும். வில் வேண்டியதில்லை, ஓர் அடிக்கோலும் ரப்பர் வளையமும் போதும். மறுவாசிப்பு என்று மேல்நாட்டார் பெயர் வைத்ததை நம் ஊர்க் கலைஞன் குடத்தைத் தட்டிக்கொண்டே செய்திருக்கிறான். தெருக்கூத்தின் கட்டியங்காரனும் அப்படித்தான். கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று, நடந்ததைத் திரும்ப எடுத்துச் சொல்வான். கதைசொல்லிப் பங்கை "கட்டியங்காரன்" என்று பெயர் மாற்றிய நாளிலிருந்து அதற்கு அடிதடி. முன்பு நீளமான பங்கு என்று ஓடுவார்கள்.

இதுவரை சொன்னது சரளத்துக்கு. புரிதலுக்கு வேறு உத்திகள். கதையின் ஒரு வரியை எடுத்து, "சிலையாக நில்லுங்கள்" என்பேன். "மக்கள் சிறுவனைப் புகழ்ந்தார்கள். அரசனின் முகம் கறுத்தது" என்ற இடத்தில் ஒரு குழு நின்ற கோலத்தைப் பார்த்தேன். அரசன் கண்ணைச் சுருக்கி, நெற்றிமேல் கை வைத்து, வியர்வையைத் துடைத்தபடி நிற்கிறான். என்னடா என்றால், "ராஜா பீச்ல ரொம்ப நேரம் நின்னு கறுத்துட்டாரு, டீச்சர்." நால்வரில் ஒருவருக்கும் அது கோபம், பொறாமை என்று தெரியவில்லை. இதே வரியைக் கருத்தறிதல் தாளில் கேட்டிருந்தால், "அரசனின் முகம் ஏன் கறுத்தது?" என்ற கேள்விக்கு "மக்கள் சிறுவனைப் புகழ்ந்ததால்" என்று முந்திய வாக்கியத்தை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். உடல் பொய் சொல்லவில்லை. வாசித்தது எங்கே புரியவில்லை என்பதை இவ்வளவு சீக்கிரம் காட்டும் வேறு சோதனை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று ஹாட் சீட் எனப்படுவது. ஒரு பிள்ளை அரசனாக உட்கார, மற்றவர்கள் கேள்வி கேட்பது. நான் அதைச் சாட்சிக்கூண்டு என்று மாற்றிக்கொண்டேன், கூடவே ஒரு விதியும் சேர்த்தேன். பதில் சொன்னதும் "எந்த வரி? விரலை வை" என்று வகுப்பு கேட்கும். வரி இருந்தால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் "நானா நினைச்சேன்" என்று சொல்ல வேண்டும். இந்த விதி இல்லாமல் செய்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு நேற்றுப் பார்த்த கார்ட்டூனுக்குப் போய்விடுவார்கள். உங்கள் வகுப்பில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஆசிரியரே பாத்திரம் ஏற்று வகுப்புக்குள் நுழையும் முறையை இங்கிலாந்தின் டோரதி ஹீத்கோட் பிரபலப்படுத்தினார். அதை நான் வாசிப்புக்காகச் சற்றுத் திருப்பிக்கொண்டேன். அமைச்சராக உள்ளே வருவேன், ஒரு வார்த்தை பேசமாட்டேன், கையில் உள்ள ஓலையை நீட்டுவேன். அதில் இருப்பதை வாசித்தால்தான் அரசனின் ஆணை என்னவென்று அவர்களுக்குத் தெரியும். முழு வகுப்பும் ஒரு காகிதத்தைச் சுற்றி முண்டியடிக்கும் காட்சியை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இனி எனக்கே இன்றுவரை தீராத பிரச்சினை ஒன்று. உரையாடலை எந்தத் தமிழில் அச்சிடுவது? கதைசொல்லிக்கு எழுத்துத்தமிழ், பிரச்சினையில்லை. அரசனும் சிறுவனும் பேசும்போது "நான் வந்துவிட்டேன்" என்று போட்டால் பிள்ளைகளே சிரிக்கிறார்கள், அப்படி யாரும் பேசுவதில்லை. பேச்சுத்தமிழில் போடலாம் என்றால் அதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. "வந்துடுச்சு", "வந்திருச்சு", "வந்துருச்சு" என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவோம். எழுத்துக்கூட்டலையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை இதைக் கண்ணால் பார்த்தால் மறுவாரம் கட்டுரையில் "வந்துருச்சு" வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பக்கம், 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு முக்கியத்துவம் கொடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பேசாத மொழியில் எந்தப் பிள்ளையும் வாசிக்கப் பிரியப்படாது.

நான் செய்வது இது. தொடக்கநிலை 3 வரை உரையாடலைக் குறைத்து, கதைசொல்லியின் பங்கை மூன்றாகப் பிரித்து மூவருக்கும் கொடுத்துவிடுவேன், எல்லாம் எழுத்துத்தமிழ். தொடக்கநிலை 4-இலிருந்து தாளில் "என்னால் வர முடியாது" என்றே இருக்கும். முதல் சுற்றில் அதை அப்படியே வாசிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் மட்டும், கண் தாளைப் பார்க்க, வாய் "என்னால வர முடியாது" என்று சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள். மற்றவர்களுக்கு இது மலை. அவர்களை முதல் சுற்றோடு விட்டுவிடுவதில் தவறில்லை. இரண்டையும் ஒரே பாடவேளையில் கலக்காதீர்கள், ஏனென்றால் அந்தக் கடைசிச் சுற்று வாசிப்பே இல்லை, பேச்சுப் பயிற்சி. என் நண்பர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை, உரையாடலைப் பேச்சுத்தமிழில் அச்சிட்டாலும் பிள்ளை குழம்பாது என்பார்கள். அவர்கள் வகுப்பில் அப்படி இருக்கலாம். என் வகுப்பில் குழம்பினார்கள்.

இனி நாடகத்தால் ஆகாதது. எழுத்தே தெரியாத பிள்ளைக்கு இது எழுத்தைச் சொல்லிக்கொடுக்காது. காஃப், டன்மர் என்ற இருவர் 1986-இல் வாசிப்புக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடை பூச்சியம். உங்கள் வகுப்பில் வாய் திறக்காத ஒன்பது பேரும் ஒரே காரணத்துக்காக மௌனமாக இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நாளைக்கே தனித்தனியாக அழைத்து, படமில்லாத, கதையில்லாத முப்பது சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். "கொ", "கோ", "கௌ" தடுமாறுகிறதா, "பகல்" என்பதில் "க" எப்படி ஒலிக்கும் என்று தெரிகிறதா, ல ள ழ கண்ணுக்கு வேறுபடுகிறதா என்று பாருங்கள். அங்கேயே தடுக்கினால் அந்தப் பிள்ளைக்குத் தேவை தினம் பத்து நிமிட எழுத்துப் பயிற்சி. நாடகம் அவனுக்கு ஒரு மறைவிடம்தான், என் மேடை நாயகிக்கு இருந்ததுபோல. பயிற்சிக்குப் பிறகும் எழுத்துகள் நிற்கவில்லை, ஆங்கிலத்திலும் இதே கதை என்றால், சிறப்புக் கற்றல் தேவைகளைக் கவனிக்கும் அலுவலர் பள்ளியில் இருப்பார், அவரிடம் பேசுங்கள். சொற்களை வாசித்துவிட்டு வாக்கியத்தில் திணறுகிறவர்களுக்கும், வாசித்துவிட்டுப் புரியாமல் விழிப்பவர்களுக்கும், வாசிக்கத் தெரிந்தும் கூச்சத்தில் ஒடுங்குகிறவர்களுக்கும்தான் நான் மேலே சொன்னதெல்லாம்.

சந்தேகத்துக்குரியதையும் சொல்லிவிடுகிறேன். ஆன் பொட்லோஸ்னி என்பவர் வகுப்பறை நாடகம் பற்றிய 80 ஆய்வுகளைத் தொகுத்து 2000-இல் எழுதினார். கதையை நடித்துப் படித்தவர்கள் அந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதோடு, நடிக்காத புதிய கதைகளுக்கும் அந்தப் பலன் ஓரளவு சென்றது என்பது அவர் முடிவு. நல்ல செய்திதான். ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசித்த கதைகள். நம் நிலைமை வேறு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள், 2020-இல் அது 29.2 விழுக்காடு. காதில் விழாத மொழியின் ஏற்ற இறக்கத்தைப் பிள்ளை கண்ணால் மட்டும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வாசிப்பரங்கம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும் என்பது நான் கண்டது, அளந்தது அல்ல. அதைவிடப் பெரிய ஆசை ஒன்று எல்லோருக்கும் உண்டு, இப்படிப் படித்த பிள்ளை வீட்டில் தானாகத் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கும் என்று. நான் பார்த்தவரை அப்படித் தானாக நடக்கவில்லை. வாசிப்பரங்கம் முடிந்த கையோடு நூலகத்திலிருந்து எடுத்துவந்த பத்துப் புத்தகத்தை மேசையில் பரப்பினால் இரண்டு மூன்று பேர் எடுப்பார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் செய்வது பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: பிரதியில் வந்த அதே சொற்களை வைத்து, பிரதியில் இல்லாத ஐந்து வாக்கியங்களை எழுதி, வெள்ளிக்கிழமை தனியாக வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் என்றால் அங்கே மாட்டிக்கொள்ளும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் வாய்மொழித் தேர்வு நெருங்கும் வகுப்பென்றால் ஒரு எச்சரிக்கை. வாசிப்புப் பகுதியில் அரசன் குரலில் கர்ஜித்த மாணவன் எனக்கு உண்டு. தேர்வில் கதைசொல்லியின் குரல் போதும் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியும் ஒரு சுற்று வாசிக்க வையுங்கள்.

பக்கத்து வகுப்பின் புகாருக்கு, "திருடன் குரல்" என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். மூவரும் தலையை ஒட்டிக்கொண்டு, காவலனுக்குக் கேட்காமல் கிசுகிசுத்து வாசிக்க வேண்டும். கிசுகிசுக்கும்போது உச்சரிப்பு இன்னும் தெளிவாகத்தான் வருகிறது. முழுக்குரல் சுற்றை வாரத்தில் ஒரு முறை உணவகத்தின் மூலையிலோ கூடத்திலோ வைத்துக்கொள்ளலாம்.

எதற்கும் வாய் திறக்காத ஒருவன் இருப்பான். அவனைக் கதைசொல்லியாக்கிக் கூச்சத்தைப் போக்கிவிடலாம் என்று இறங்காதீர்கள். எனக்கு வாய்த்தவனுக்கு வில்லுப்பாட்டில் "ஆமா" கொடுத்தேன். நாலாவது வாரம் "ஆமா"வோடு கடைசி இரண்டு சொல்லையும் சேர்த்துக்கொண்டான், தாளைப் பார்த்துத்தான். ஆண்டு முடியும்வரை பின்பாட்டுக்காரனாகவே இருந்தான். அதற்கு மேல் நான் தள்ளவில்லை.